மீன் தட்டும் பாதி வெங்காயமும்

ஒரு மொட்டைமாடியில் மீன் சுடுகிற கம்பித் தட்டு ஒன்று இருந்ததாம். எந்த மீனை வைத்தாலும் தோலைப் பிய்த்து வைத்துக்கொள்ளும். "இன்னைக்கும் ஒட்டினா இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்று வீட்டில் பேசியது அதன் காதில் விழுந்தது. எலுமிச்சைத் தோலும் கல்லுப்பும் வந்து கரியைத் தேய்த்து எடுத்தும் அதன் பயம் போகவில்லை.

அடுத்து, முள்கரண்டியில் குத்திய பாதி வெங்காயம் எண்ணெயில் முகம் நனைத்துக்கொண்டு வந்தது.

"கிட்ட வராதே தாயி, உன்னையும் பிய்ச்சிடுவேன்" என்றது தட்டு.

வெங்காயம் சிரித்தது. "நான் தோசைக்கல்லோட குடும்பம் நடத்துறவ. அவரும் புதுசுல இப்படித்தான், யாரையும் விடமாட்டாரு. நீ கொஞ்சம் சூடாகு, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

தட்டு சூடானது. வெங்காயம் ஒவ்வொரு கம்பியாகத் தடவிக்கொடுத்தது. பிறகு வைத்த சங்கரா மீன் துளியும் பிய்யாமல் முழுசாகப் புரண்டது.

"அட, இது இருக்கட்டும்" என்றார்கள் வீட்டுக்காரர்கள்.

வேலை முடிந்த வெங்காயம் கருகிய முகத்தோடு தட்டின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. அதை எடுக்கும்போது மட்டும் தட்டுக்கு விட மனசு வரவில்லை. மெல்லிசாக ஒரே ஒரு இதழைப் பிடித்து வைத்துக்கொண்டது.