பூசணிக் கைரேகை

"கைரேகை ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. ஆறு மணிக்கு வந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே அத்தை ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். பக்கத்தில் புதியவள் வாளியோடு நின்றாள். வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாளே இப்படி ஒரு காரியத்துக்கு உடந்தையாவோம் என்று அவள் நினைக்கவில்லை.

குற்றவாளி மூலையில் உட்கார்ந்து கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான். வயது பதினொரு மாதம். வீட்டில் என்ன பெயர் வைத்திருந்தாலும், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அவன் உருண்டைதான்; அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அங்கே எல்லோருக்கும் அத்தை என்பதுபோல.

கரண்டியால் ஊட்டினால் பாதியைத் துப்பிவிடுகிற உருண்டை, அன்று மதியம் வேகவைத்த பூசணித் துண்டுகளைத் தானே அள்ளித் தின்றான். தின்ற கையோடு சுவரைப் பிடித்து எழுந்தான். சுவர் நெடுக மஞ்சளாக அப்பிக்கொண்டே ஜன்னல்வரை போனான். அங்கே சுவர் முடிந்துவிட்டது. அவன் சும்மா இருப்பானா? பிடியை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்துப் போய்ப் பொம்மை அலமாரியில் கடைசி முத்திரையைக் குத்தினான்.

புதியவள் துள்ளிக் குதித்துப் போனை எடுத்தாள். அவன் அம்மாவுக்கு உடனே சொல்ல வேண்டாமா? அத்தை போனைப் பிடுங்காத குறையாகத் தடுத்துவிட்டு, வாளியைக் கையில் கொடுத்தாள்.

"இங்க எந்தக் குழந்தையும் எதையும் முதல் தடவையா செய்யாது, புரியுதா? முதல் அடி, முதல் பல் எல்லாம் அவங்க வீட்டுலதான்."

அது அத்தையின் பதினான்கு வருட அனுபவம். ஆரம்பத்தில் அவளும் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கேட்ட அம்மாக்கள் அவள் முன்னால் சிரிப்பார்கள், வாசலுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அத்தை பொய்யைப் பழகிக்கொண்டாள். சுவரைத் துடைப்பதும் அதில் சேர்த்திதான். முழங்கால் உயரத்தில் கை பதிந்திருந்தால், தவழ்கிற பிள்ளை வேலை அது இல்லை என்று எந்த அம்மாவுக்கும் தெரிந்துவிடும்.

"உங்க குழந்தை விஷயத்துல யாராவது இப்படி மறைச்சா சும்மா இருப்பீங்களா?" என்று புதியவள் மடக்கினாள்.

அத்தைக்கும் ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருடம் காத்திருந்து பெற்றது. உருண்டையைவிட ஒரு வாரம் சின்னவள். ஊழியர்களின் குழந்தைகளுக்குக் காப்பகத்தில் இடமில்லை என்பதால், அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் கணவன்தான் பகலில் அரைத் தூக்கத்தோடு அவளைப் பார்த்துக்கொள்கிறான்.

"எம் பொண்ணு சமர்த்து" என்றாள் அத்தை, பெருமை தாங்காமல். "பல் முளைச்சது லீவு நாள்ல. குப்புற விழுந்தது, தவழ்ந்தது எல்லாமே ஞாயித்துக்கிழமை. நான் வீட்டுல இருக்கற நேரமா பார்த்துத்தான் எதையும் செய்வா."

சரியாக ஆறு மணிக்கு உருண்டையின் அம்மா ஓடி வந்தாள். பரிசோதனைக் கூடத்து வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட அவளுக்கு நேரமில்லை. வாசலில் நின்றபடியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"இன்னிக்கு ஏதாவது புதுசா?"

"இன்னும் இல்லம்மா. ஆனா இன்னிக்கா நாளைக்கான்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை போனைக் கையிலயே வெச்சுக்கோங்க."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்துப் புதியவள் வாளியைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினாள். உருண்டையோ நடந்தவன் நான் இல்லை என்பதுபோல் அம்மாவின் தோளில் சாய்ந்து கொட்டாவி விட்டான்.

இந்த வசனத்தை அத்தை தினமும் வீட்டில் கணவனிடம் நடித்துக் காட்டுவாள். அம்மாக்கள் நம்புகிற அழகைச் சொல்லச் சொல்ல இருவரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அன்று மட்டும் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெள்ளைக் கோட்டுக்காரியை நினைக்கப் பாவமாக இருந்தது. நல்லவேளை, நமக்கு அந்தக் கதி இல்லை என்று நினைத்துக்கொண்டே படியேறினாள்.

மணியடித்தும் கதவு திறக்க நேரமானது. கணவன் மூச்சு வாங்க வந்து நின்றான். சட்டைக் கை ஈரமாக இருந்தது. அவள் காலையில் வேகவைத்துவிட்டுப் போன பூசணியைக் கன்னமெல்லாம் பூசிக்கொண்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் மகள்.

அத்தை செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். "இன்னிக்கு ஏதாவது புதுசா?"

"இன்னும் இல்ல. ஆனா இன்னிக்கா நாளைக்கான்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை போனைக் கையிலயே வெச்சுக்கோ."

ஒரு வார்த்தை பிசகவில்லை. அத்தை அவனைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். சோபாவிலிருந்து ஜன்னல்வரை, முழங்கால் உயரத்தில், துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. ஜன்னலைத் தாண்டிப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அதற்கும் அப்பால், சமையலறைக் கதவில், மஞ்சளாக ஐந்து சின்ன விரல்கள்.

பல் முளைத்த லீவு நாளும், தவழ்ந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வருவது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. மகளைத் தூக்கி அந்தப் பூசணிக் கன்னத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பிறகு கணவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"சமையலறைக் கதவுல ஒண்ணு விட்டுட்டீங்க. அதையும் துடைச்சிடுங்க."