வார் வைத்த பை

பைக் சாமான் கடையில் அப்போது இருந்தவர்கள் மூவர்: கடைக்காரர் அழகுராஜா, அமீர் ஹம்சா, அவர் மகள் பெனாசிர்.

"வண்டிய மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டீகளாமே பாய்! இந்தக் காந்தப் பைய வாங்கிக் குடுங்க. டேங்க்ல பச்சக்குனு ஒட்டிக்கிரும்."

"வார் வச்சுக் கட்டுற பை எடுங்க தம்பி."

"வெலைக்கா யோசிக்கிறீக?"

அமீர் ஹம்சா நிமிர்ந்து நின்றார். கடைத்தெருவில் காரணம் சொல்லும் வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. பெனாசிருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அத்தா நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்குண்ணே. வண்டி ஓட்டலாமாம், காந்தம்தான் கிட்ட வரக் கூடாதாம். டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப ஓட்டுறது..?"

அமீர் ஹம்சா வார்ப் பையைக் கடை வாசலில் நின்ற வண்டியின் டேங்கின் மேல் தாமே இறுக்கிக் கட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

அவர் வண்டியை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டதாக ஊரில் சொல்வது பொய். மறுநாள் காளையார்கோவில் வரை மாப்பிள்ளை பின்சீட்டில்தான் போனார்.