எட்டுக்குள் ஊன்றிய கால்

"இன்னிக்கும் ரசியா பேகத்தை ஃபெயிலாக்குனா, இந்த எடத்தை வுட்டு ஒரு வண்டி நகராது சார்."

விருத்தாசலத்தில் லைசென்ஸ் டெஸ்ட் நடக்கும் திடலில் மாணிக்கவேல் முழங்கினார். பீங்கான் தொழிலாளர் சங்கத் தலைவர். பின்னால் கொடியும் தட்டியுமாக ஒரு கூட்டமே நின்றது.

"நூத்துக்கு எண்பது பேரு பாஸான எடம் இது. நீங்க வந்த பொறவு நாப்பதுதான். அதுல பொம்பளைங்க எத்தினி பேரு? சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் பழமலைநாதன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடி நேரா ஓட்டிக் காட்டினா வுட்டிருப்பாங்க. நான் எட்டு போடச் சொல்றேன். முடிக்கறதுக்குள்ள காலு தரையில பட்டா ஃபெயிலு. ஆம்பளைக்கும் அதான், பொம்பளைக்கும் அதான்."

"கம்பெனி காம்பவுண்டுக்குள்ள பீங்கான் பொம்மைப் பெட்டிய வெச்சு ஓட்டுறவ சார் அவ. ஒரு பொம்மைக்கு மூக்கு ஒடைஞ்சதில்ல. அவளுக்கா எட்டு வராது?"

கைதட்டல் எழுந்தது.

"தோழரு வுட்டா பல்லவன் ரயிலையே மறிப்பாரு போலிருக்குது," என்றான் பைக்கோடு காத்திருந்த மங்கலம்பேட்டை ஹமீத்.

ரசியா ஸ்கூட்டர் அருகே நின்றாள். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலையை முதலாளி அவளுக்கென்று வைத்திருந்தார். லைசென்ஸ் காட்ட இன்றுதான் கெடு. இதுவரை நாலு முறை வந்துவிட்டாள். நாலு முறையும் கடைசி வளைவில் காலை ஊன்றிவிட்டாள்.

"வுடுங்க தோழர். நான் ஓட்டிக்கறேன்."

"நீ சும்மா இரும்மா. பொம்பளைக்கு நியாயம்னா இந்த மாணிக்கவேலு ஜெயிலுக்கே போவான். என் மருமகளையே டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்ல?"

மருமகள் பூங்கோதையும் வரிசையில்தான் நின்றாள். அவளும் நாலு முறை தோற்றவள். இரண்டு முறை வண்டியோடு விழுந்து தோற்றவள்.

இன்ஸ்பெக்டர் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்.

"நேராப் பாருடி. சக்கரத்தைப் பார்க்காத," என்று ரசியா கத்தினாள்.

பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்தாள். வண்டி ஆடியது. கோஷம் நின்றுபோனது. கடைசி வளைவு. ஆடி, நிமிர்ந்து, தாண்டிவிட்டாள்.

"பாஸ்."

ரசியா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு தன் வண்டியில் ஏறினாள். கோலத்தில் கம்பி இழுப்பதுபோல் எட்டைப் போட்டாள். கால் தரைப்பக்கமே போகவில்லை.

"பாஸ்."

விசில் பறந்தது. யாரோ பட்டாசையே கொளுத்திவிட்டார்கள்.

"பார்த்தீங்களா?" மாணிக்கவேலின் குரல் திடல் முழுக்கக் கேட்டது. "ஆளுங்களைத் திரட்டுனோம், அதிகாரி எறங்கி வந்தாரு. போராடாம எதுவும் கெடைக்காது."

இன்ஸ்பெக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. நேராக ரசியாவிடம் வந்தார்.

"ஏம்மா, இவ்ளோ சுத்தமா ஓட்டுற. நாலு தடவையும் வேணும்னேதானே காலை வெச்ச?"

ரசியா பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லும்மா," என்று மாணிக்கவேல் முன்னால் வந்தார். "யாருக்குப் பயந்து வெச்ச? நான் பார்த்துக்கறேன்."

"பயம்லாம் இல்லங்க தோழர். பூங்கோதைய தனியா வெளிய அனுப்ப மாட்டேன், ரசியா கூடன்னா போகட்டும்னு சொன்னவரு நீங்கதானே. நான் பாஸாயிட்டா, அவ இங்க எப்படி வருவா?"