ஓட்டுறவருக்கும் சேர்த்து

"உங்க வூட்டுக்காரருக்கு எவ்வளவுக்கா வந்துச்சு?"

மெழுகுவத்திக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த ஆரோக்கிய செல்வியின் கை அப்படியே நின்றது. ஏலாக்குறிச்சி மாதா கோயில் வாசலில் கடை போட்டு நாலு வருஷமாகிறது. ஒரு ஆளும் எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டதில்லை.

"என்ன எவ்வளவு?"

"இன்சூரன்ஸுக்கா. அண்ணன் டாக்சி ஓட்டி ஆக்சிடென்ட்ல போயிட்டாருன்னு அரியலூர் ஸ்டாண்டுல சொன்னாங்க. எனக்கும் கைக்குக் கொஞ்சம் பணம் வந்துச்சு, புதுசா டாக்சி எடுத்திருக்கேன். எந்த இன்சூரன்ஸ் போடுறதுன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அனுபவப்பட்டவங்களக் கேட்டா சரியா இருக்கும்னு வந்தேன். பேரு வீரமணி."

"எந்த ஊரு?"

"பெரம்பலூர் பக்கம்."

பக்கம் என்றால் எந்தப் பக்கம்? ஊர்ப் பெயரை விழுங்குகிறவனிடம் உஷாராக இருக்க வேண்டும் என்று செல்வி நினைத்துக்கொண்டாள். போன வருஷமும் இப்படித்தான் ஒருவன் அக்கா, அக்கா என்று உருகினான். மறுபடி கேஸ் போட்டுப் பணம் வாங்கித் தருகிறேன் என்று அவள் கழுத்துச் சங்கிலியோடு போனவன் போனவன்தான். இப்போது வீட்டில் மிச்சம் இருக்கிற தங்கம் மகள் காதில் கிடக்கும் தோடு மட்டும். அதையும் எவனோ ஒருவன் பேச்சுக்குப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

"எனக்குக் கேஸும் வேணாம், கமிஷனும் வேணாம். கெளம்புங்க."

"ஐயோ, நான் அந்த மாதிரி ஆளு இல்லக்கா. ரெண்டு மெழுகுவத்தி குடுங்க."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு எங்கப்பாவுக்கு. இன்னொண்ணு... இருக்கட்டும்க்கா."

நெற்றியில் திருநீறு பூசியவர்கள் மெழுகுவத்தி வாங்குவது இங்கே அதிசயமில்லை. எல்லாரும் வருகிற கோயில். ஆனால் காசைக் கொடுத்த பிறகும் அவன் நகராமல் நின்றதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உங்களுக்கும் ஏதோ வந்திருக்கும்லக்கா? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

செல்விக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சல்லிக்காசு வரல! போதுமா? சுண்ணாம்புக்கல் டிப்பர் ஒண்ணு குறுக்க ஏறி வந்துச்சுன்னு இவரு வண்டிய ஒடிச்சாரு. எதிர்ல மொபெட்ல வந்த மனுசன் மேல மோதி, புளியமரத்துல போயி நின்னுச்சு. ரெண்டு பேரும் அங்கயே போயிட்டாங்க. இவரு போட்டிருந்தது தேர்டு பார்ட்டி. அது அடிபட்ட எதிராளிக்குத்தான் குடுக்கும். ஓட்டுற ஓனருக்குத் தனியா ஒண்ணு போடணும். வேற பாலிசி இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா அது வேணாம், கட்டுற தொகை கொறையும்னு ஏஜென்ட் சொன்னான். இவரும் மண்டைய ஆட்டிட்டாரு."

"அப்ப உங்களுக்கு ஒண்ணுமே வரலியா?"

"மொபெட்ல வந்து செத்தாருல்ல, வாலிகண்டபுரத்து அய்யம்பெருமாளு, அவரு குடும்பத்துக்கு வந்துச்சு. அவங்க மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல, எல்லாம் வக்கீலோட போச்சு. பாலிசி கட்டுனது இவரு, ஒல கொதிக்கிறது எவங்க வூட்டுலயோ. அவங்க நல்லா இருக்கட்டும்னு மாதாகிட்டச் சொல்லணும். எனக்கு இன்னும் மனசு வரல."

வீரமணியின் முகம் சுண்டிப் போய்விட்டது. இங்கே கறக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மூஞ்சி போகிற போக்கைப் பார் என்று செல்விக்கு உள்ளூர ஒரு திருப்தி. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"நெசமாவே டாக்சி வாங்கியிருந்தா ஓட்டுறவருக்கும் சேத்துப் போடுங்க. உங்க வூட்டுப் பொண்ணு என்னை மாதிரி தெருவுல நிக்க வேணாம்."

"போடுறேன்க்கா" என்றான்.

உள்ளே போய் இரண்டு மெழுகுவத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றான். திரும்பி வரும்போது கடைக்கு முன்னால் நின்றான். அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தான்.

'நல்லாத்தான் நடிக்கிறான்' என்று நினைத்தாள் செல்வி. எதற்கும் நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்வோம், நாளைக்குப் போலீஸில் சொல்ல உதவும் என்று கடையை விட்டு இறங்கி எட்டிப் பார்த்தாள்.

கார் புதுசுதான். ஆனால் அவள் கண் நம்பருக்குப் போகவே இல்லை. பின் கண்ணாடியில் பெரிய சிவப்பு எழுத்தில் இருந்தது: 'தந்தை அய்யம்பெருமாள் நினைவாக, வாலிகண்டபுரம்.'