ஐந்து அங்குல ஓட்டை

பக்கத்து வீட்டு கத்பர்ட் ஒரு பைனாகுலர் வைத்திருப்பது டெஸ்மண்டுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“வௌவாலா?” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“வௌவாலேதான் சார். உங்க கூரையில ஒண்ணு போய்ட்டு வர்றதை யாரோ பாத்திருக்காங்க,” என்றாள் நகர மன்றத்தின் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்த மிஸ் ஹோல்ராய்ட். “இன்னிக்குக் காலையிலதான் ஆட்சேபணை வந்துச்சு. பேரை வெளியில சொல்லக் கூடாதாம். ஆனா என்ன அழகான கடிதம் சார்! சட்டப் பிரிவு, உட்பிரிவு எல்லாம் ஒண்ணுவிடாம இருக்கு.”

டெஸ்மண்டுக்கு அதன் அழகை ரசிக்கும் மனநிலை இல்லை. வீட்டுக்கு கேஸ் ஹீட்டிங் போட அவன் ஏப்ரலிலிருந்து அலைகிறான். இப்போது அக்டோபர். பாய்லர் வந்து சமையலறையில் அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல்தான் இப்போதெல்லாம் ரொட்டி வெட்டுகிறார்கள்.

பாய்லருக்கு வேண்டியது ஒரு புகைக்குழாய். புகைக்குழாய்க்கு வேண்டியது ஐந்து அங்குல ஓட்டை. முன்சுவரில் போட்டால் இருநூறு வருஷத்துத் தெருவின் முகம் கெட்டுவிடும் என்று முதல் ஆட்சேபணை வந்தது. பின்சுவரில் போட்டால் கத்பர்டின் ஜன்னலுக்கு மிக நெருக்கம் என்று இரண்டாவது. சரி, கூரை வழியாக விட்டுத் தொலைக்கலாம் என்றால், இதோ மூன்றாவது.

“அந்த வௌவாலுக்கு நானே வேற வீடு பாத்துக் குடுக்கறேன் மிஸ்.”

“வௌவாலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, தொட்டீங்கன்னா கேஸ் ஆயிடும் சார். நிபுணர் வந்து சோதனை பண்ணணும். அது சாயங்காலத்துல பறக்குற சீசன்லதான் பண்ண முடியும். மே மாசம் வாங்க.”

“அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?”

“ஸ்வெட்டர் போட்டுக்கோங்க. அதுக்கு அனுமதி வேண்டாம்.”

ஏற்கெனவே இரண்டு போட்டிருந்தான். தனக்காக மட்டும் என்றால் மூன்றாவதையும் போட்டுக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பான். இது அம்மாவுக்காக.

அம்மாவுக்கு எழுபத்தொன்பது. ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறார். போன குளிர்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தபால்காரர் வரும்வரை இரண்டு மணி நேரம் கிடந்தார். இன்னொரு குளிர்காலத்தை அவர் தனியாகக் கழிக்கக் கூடாது என்று டெஸ்மண்டும் அவன் மனைவி ஹாரியட்டும் முடிவு செய்து, முன்னறையைக் காலிபண்ணிப் புதுத்திரை கூடத் தொங்கவிட்டார்கள்.

அம்மாவும் மறுக்கவில்லை. செவ்வாய் நடனம், வியாழன் பிங்கோ, சனிக்கிழமை தோழிகளோடு பொரித்த மீன் என்று இருந்தவர், அத்தனையையும் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனைதான். “உன் வீட்டுக் குளிர் எனக்கு ஆகாது கண்ணு. என்னிக்கு ரேடியேட்டர் சுடுதோ, அன்னிக்கே பெட்டியோட வந்துடறேன்.”

டெஸ்மண்ட் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

“மிஸ், எங்கம்மா இதே ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தவங்க.”

“வினிஃப்ரெட் மேடத்தைத் தெரியாதா! ஆனா அவங்களுக்காகவும் விதியை வளைக்க முடியாது சார். வளைச்சா அவங்களே என்னைத் திட்டுவாங்க.”

தெருவுக்குத் திரும்பியபோது கத்பர்ட் கம்பளித் தொப்பியும் தேநீருமாக வாசலில் நின்றார். கழுத்தில் பைனாகுலர்.

“உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன் கத்பர்ட்? மூணு தடவை! மூணு தடவை ஆட்சேபணை!”

“நானா?” கத்பர்டுக்குத் தேநீர் புரையேறியது. “ஏம்பா, நமக்கு நடுவுல இருக்கறது ஒத்தைச் சுவரு. உன் வீடு சுட்டா என் வீடும் பாதி சுடும், ஓசியில. உன் பாய்லருக்காக நான் சர்ச்ல மெழுகுவத்தி ஏத்தாத குறை. போய் வேற ஆளைப் பாரு.”

“அப்ப இந்தப் பைனாகுலர்?”

“என் பந்தயப் புறா வருதான்னு பாக்கறேன். அதுவும் உன்னை மாதிரிதான், காலையில போனது இன்னும் வீடு திரும்பல.”

டெஸ்மண்ட் உள்ளே போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் செல்போனுக்கு அழைத்தான். அன்று செவ்வாய்க்கிழமை. மறுமுனையில் அக்கார்டியன் சத்தம். யாரோ ஒரு கிழவர் “வினி, அடுத்த ஆட்டம் என்கூட!” என்று கத்துவது கேட்டது.

“அம்மா,” என்றான். வௌவால் கதையைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. “மறுபடியும் தடை போட்டுட்டாங்கம்மா. இந்தக் குளிருக்குள்ள உங்களைக் கூட்டிட்டு வர முடியும்னு தோணல.”

அம்மா பெருமூச்சு விட்டார்.

“போனாப் போகுது விடு கண்ணு, அந்த வௌவால் பாவம், மே மாசம் வரைக்கும் தூங்கட்டும்.”