முள்ளுப்புதரிலிருந்து வந்த குடும்பம்

கிணற்றோரப் பனைமரத்தில் சடையன் என்ற தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்தது. ஈரக் களிமண்ணில் மின்மினிப் பூச்சி ஒட்டி, உள்ளே விளக்கும் வைத்திருந்தது.

ஒரு பனிக்காலத்தில், வடக்கேயிருந்து வந்த வெளியூர்க் குருவி ஒன்று இரண்டு நாள் தங்க இடம் கேட்டது. போகும்போது கொழுத்த புழுக்களாகக் கொடுத்துவிட்டுப் போனது. சடையனுக்கு ருசி பிடித்துவிட்டது.

மறுவருஷமே மனைவி செங்கமலத்தை எதிரே இருந்த முள்ளுப்புதருக்கு அனுப்பிவிட்டுக் கூட்டை விருந்தாளிகளுக்கு விட்டது. "கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கோ" என்றது. பார்த்துக்கொண்டிருந்த மற்ற தூக்கணாங்குருவிகள் சும்மா இருக்குமா? மரம் முழுக்க வெளியூர்க்காரர்கள். செங்கமலம் முள்ளுக்குள்ளேயே குஞ்சு பொரித்தது.

மூன்றாம் வருஷம் வந்த விருந்தாளி முகத்தைச் சுளித்தது. "என்னங்க இது? தூக்கணாங்குருவிங்க எப்படிக் குடும்பம் நடத்துதுன்னு பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். இங்க எல்லாம் எங்க ஊர் ஆளுங்களா இருக்காங்களே! நாங்க வேற மரம் பார்த்துக்கறோம்."

சடையன் பதறிப்போய் முள்ளுப்புதருக்குப் பறந்தது. "செங்கமலம், பிள்ளையைக் கூட்டிட்டு உடனே வா. ஒரு மணி நேரம் நாம அந்தக் கூட்டுல குடும்பம் நடத்திக் காட்டணும்!"

மூவரும் கூட்டுக்குள் நுழைந்தார்கள். மின்மினி வெளிச்சத்தை வாய்பிளந்து பார்த்த குஞ்சு, "அப்பா, எவ்வளவு அழகான வீடு! யாரோடது?" என்று கேட்டது.

சடையன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தது: "மெதுவாப் பேசுடா! யாராவது கேட்டா, நம்மளோடதுன்னு சொல்லு."