ப்ரோதெரோ அழுத கூட்டம்

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தியதும், மேடையில் இருந்த கெரைன்ட் ப்ரோதெரோவுக்கும் கண் கலங்கிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகைக் கேமரா தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ப்ரோதெரோ வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் இருக்கும் சட்டமன்றத்தில் எங்கள் வட்டாரத்து உறுப்பினர். ஏழை எளியவர்களின் அன்றாடக் கஷ்டங்களைச் சபையில் எழுப்புவதில் மன்னர். அவர் எழுப்புவார், அவை தாமாகவே உட்கார்ந்துவிடும். தேர்தலுக்கு இன்னும் இரண்டே மாதம் என்பதால்தான், மழையையும் பார்க்காமல் லான்ஃபெய்லோ ஊர்ச் சபைக்கு வந்திருந்தார்.

எங்கள் ஊரில் எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனாலும் ஊர்ச் சபை வெல்ஷ் மொழியில்தான் நடக்கும். கார்டிஃபிலிருந்து யார் வந்தாலும் சரி, அதில் மாற்றம் கிடையாது.

ப்ரோதெரோவோ பதினோரு வருடமாக வெல்ஷ் கற்றுக்கொண்டிருக்கிறார். இதுவரை காலை வணக்கம் வந்திருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்.

ஆகவே கூட்டத்திலேயே அவருக்கு மட்டும் ஹெட்போன். கடைசி வரிசைக்குப் பின்னால் சின்ன மைக்கோடு டெலெரி உட்கார்ந்திருந்தாள். யார் என்ன பேசினாலும் உடனுக்குடன் அதை இங்கிலீஷில் அவர் காதில் போடுவது அவள் வேலை. மொழிபெயர்க்க வந்தவர் கூட்டத்தில் தன் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது என்பது சபையின் கண்டிப்பான விதி.

கிழவர் இஃபோர் கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி வெல்ஷில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"இதைக் கேக்க நாதியே இல்லையா சார்?" என்றது ஹெட்போன். "டவுன் ஆஸ்பத்திரிக்குப் போற காலை பஸ்ஸை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. இந்த ஊர்ல ஒரு அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். டாக்ஸிக்கே எல்லாம் போயிடுது, இந்தக் குளிர்ல ஹீட்டர் போட வழியில்ல. போன வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல. இப்படியே விட்டா ஆளே போயிடும் சார்!"

இஃபோர் திடீரென்று பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். பூட்ஸின் அடியைச் சபைக்கே காட்டினார். சுற்றி இருந்தவர்கள் நாற்காலிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"இந்த பூட்ஸைப் பாருங்க! மெயின் ரோட்டு ஸ்டாப்புக்கு நாலு மைல் நடந்து நடந்து என்ன கதியாயிருக்கு பாருங்க!" ஹெட்போனில் குரல் தழுதழுத்தது.

ப்ரோதெரோவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கேமராவும் நேராகத்தான் இருந்தது. விருட்டென்று எழுந்தார்.

"போதும்! என் காதால இதைக் கேட்டுட்டு நான் எப்படி இன்னிக்கு ராத்திரி சாப்பிடுவேன்?" என்று இங்கிலீஷில் முழங்கினார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, தன் கட்சிக்காரரான போக்குவரத்து மந்திரியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"தலைவரே, லான்ஃபெய்லோவுக்குக் காலை பஸ் உடனே திரும்ப வரணும். ஊரே என் முன்னாடி கண்ணீர் விட்டுட்டு நிக்குது."

"பாக்கலாம், பாக்கலாம். ஒரு கமிட்டி போட்டு..."

"பத்திரிகைக்காரங்க இருக்காங்க தலைவரே."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா? வர்ற திங்கக்கிழமையே விட்டுடலாம். இது என் வாக்கு!"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு சபைத் தலைவி மெய்னிர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். ப்ரோதெரோ அத்தனை பேரோடும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு, ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கார் மறைந்ததுதான் தாமதம், இஃபோர் வெடித்தார். "நான் கேட்டதென்ன, இந்த ஆள் சொன்னதென்ன? ஒரு வார்த்தையாவது காதுல வாங்கினானா?"

"என்னமோ இன்னிக்குத்தான் புதுசாப் பாக்கற மாதிரி பேசறீங்களே! இவங்க என்னிக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்காங்க?" என்றாள் மெய்னிர். "பஸ்ஸாவது வருதேன்னு சந்தோஷப்படுங்க."

டெலெரி ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். வாசலுக்கு வந்து வீட்டுக்கு போன் போட்டாள்.

"அம்மா, திங்கக்கிழமை டயாலிசிஸுக்கு பஸ்லயே போயிடலாம்."

"நிஜமாவாடி? நீ நாலு லெட்டர் போட்டும் அசையாத மனுஷனாச்சே! நமக்காக யாரு அவர்கிட்ட பேசினது? இஃபோரா? அந்தப் புண்ணியவானுக்கு நாளைக்கே ஒரு கேக் சுட்டு அனுப்பணும்டி."

"அதை எனக்கே சுட்டுக் கொடும்மா. அவர் பேசினதெல்லாம் தெருவுல கிடக்கற நாய்ப் பீயைப் பத்தி!"